பால் கேனில் வந்த கல்யாணக் கறி

எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் பால் கேன்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. கார்த்திகை மழையில் கிணறு நிரம்பி, குனிந்தால் கையால் தண்ணீரைத் தொடலாம் என்கிற மாதிரி இருந்தது. கேன்களின் காதில் கயிறு கட்டி, மறுமுனையை ராட்டினக் கட்டையில் இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கேனின் வாயிலும் வெள்ளை வேட்டித் துணி. பக்கத்தில் என் சித்தப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நனைந்துகொண்டிருந்தார். குடை கேன்களுக்கு.

கேன்களுக்குள் இருந்தது என் கல்யாணக் கறி.

நான் பாதி ஜடையோடு பின்கட்டுக்கு வந்து நின்றேன். தலை வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சீப்பும் கையுமாகப் பின்னாலேயே வந்தாள்.

"இன்னா சித்தப்பா இது?"

"உள்ள போ பாப்பா. மூஞ்சில பவுடர் கரையுது," என்றார் அவர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஏறி வந்த பஸ், ஒரகடத்தைத் தாண்டி ஒரு தரைப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு நீந்தாத குறையாக வந்த ஒருவர் சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணப் பூசை நேரம் கடந்துவிட்டது. கோழி வெந்து இறங்கிவிட்டது. சாப்பிட வேண்டியவர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

ஏன் அன்றைக்கே

"தண்ணீர் வடியட்டும், ரெண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை. காரணம், அடுத்த ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வார நோன்பான திருவருகைக் காலம் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் கோயிலில் மேளம் கிடையாது, கல்யாணம் கிடையாது. விட்டால் தை மாதம்தான்.

அதோடு, என் கல்யாணம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. ஆவணியில் நடக்க வேண்டியது. மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாள், "கொஞ்சம் பொறுங்க, கார்த்திகையில வெச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. காரணத்தை எங்கள் ஊரே சொல்லிக்கொண்டது. பொண்ணு நர்ஸு, தனியா சைக்கிள்ல ஊர் ஊரா சுத்துது, மாமியாக்காரிக்குப் பிடிக்கல, எப்படியும் இது நடக்காது.

அரசாங்க சைக்கிளில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து கிளம்பி, பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை என்று வேர்க்கடலைக் காட்டு வரப்புகளில் உருட்டிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்த்த கதைகளை இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதே வரப்பு இருந்த இடத்தில் கார் கம்பெனியின் மதில் நிற்கிறது. ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போகும் ரோட்டில் அன்று ஒரு லாரி வந்தால் மாடுகள் மிரளும். எழுபதுகளின் ஆரம்பம் அது. அதற்குமேல் வருஷக் கணக்கு என்னிடம் கேட்காதீர்கள்.

லூர்தம்மாளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், நிச்சயதார்த்தத்தில். கறுத்து மெலிந்த உடம்பு, வெள்ளைப் புடவை. கடைசி வரிசையில், தூணோரமாக உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமையை ஊர்ப் பேச்சோடு சேர்த்துக் கட்டி நான் மூன்று மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

பட்லர் வீட்டுக் கோழி

கறியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் சித்தப்பா அருளப்பன் சென்னையில் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் பட்லராக இருந்தவர். துரை சீமைக்குப் போனதும் ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது அவர் கொண்டுவந்தது இரண்டு வெள்ளைக் கோட்டு, ஒரு பீங்கான் ஜாடி, கொஞ்சம் இங்கிலீஷ், ஒரு கோழிக் கறி. என் அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளாமல் எங்கள் அடுப்படியிலேயே நின்றுவிட்டார். ஒரு கால் யானைக்கால். முக்காலி போட்டு உட்கார்ந்துதான் சமைப்பார்.

அந்தக் கறியை எங்கள் வீட்டில் 'ஏட்டுக் கோழி' என்போம். நாட்டுக் கோழியைத் தயிரிலும் இஞ்சி பூண்டிலும் ஊறப் போடுவார். வெங்காயத்தை நெய்யில் பொன்னிறத்துக்கு மேல் போகவிடாமல் வதக்குவார். மிளகாய் கொஞ்சம், மிளகு கொஞ்சம், தனியா நிறைய. முந்திரியும் கசகசாவும் அம்மியில் வெண்ணெய் மாதிரி ஓடும்வரை அரைபட வேண்டும். கடைசியில், இறக்கிவைத்த பிறகு, எருமைப் பாலின் ஏடு. காய்ச்சின பாலில் ரொட்டி மாதிரி படியுமே, அந்த ஏட்டை நாலைந்து நாளாகச் சேர்த்துக் கடைந்து ஊற்றுவார். காரம் அடங்கி, நிறம் வெளிறி, கறி சந்தனம் மாதிரி ஆகிவிடும். வெளியூர்க்காரர்கள் முதலில் பார்த்துவிட்டு, "இன்னா இது, கோழியப் பாயசத்துல போட்டாப்புல கீது" என்பார்கள். ஒரு கவளம் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும்.

கல்யாணத்துக்கு வேண்டிய அவ்வளவு ஏட்டுக்கு முனுசாமி அண்ணன்தான் கதி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எருமைகள், சொந்த டிராக்டர், பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற பெரிய குடித்தனம். கார்த்திகை மாதம் முழுக்க அவர் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு வாரமாகத் தினமும் ஒரு சொம்பு ஏடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நானும் கேக்கல," என்று சிரித்துவிட்டுப் போவார்.

கெடாமல் வைப்பது எப்படி

ஃபிரிஜ் என்பது எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது. தடுப்பூசி மருந்தையே நாங்கள் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுபோவோம். அப்படியிருக்க, அண்டா நிறையக் கறியை மாலைவரை காப்பாற்ற வேண்டும்.

சேதி வந்ததும் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாதான் அடுப்பிலிருந்து கேட்டார்.

"விழுதும் ஏடும் இன்னும் ஊத்தலையே நானு?"

"அது ஒண்ணுதான் கொறைச்சலா இப்ப?" என்றார் அப்பா.

"அதான் நல்லதுன்றேன். ஏடு ஊத்துனா மூணு மணி நேரம் தாங்காது. ஊத்தாம வெச்சா சாயந்தரம் வரைக்கும் நிக்கும். சில்லுனு வெக்கணும். அண்டாவக் கிணத்துல எறக்க முடியுமா? சின்ன வாய் ஏனம் வேணும்."

கிராமத்தில் சின்ன வாயும் பெரிய வயிறும் உள்ள, மூடி போட்ட பாத்திரம் ஒன்றுதான் உண்டு. அப்பா முனுசாமி அண்ணன் வீட்டுக்குப் போனார். கூசிக் கூசிக் கேட்டிருக்கிறார். கார்த்திகை மாதத்தில், பால் ஊற்றும் கேனில், கோழிக் கறி. கேட்கக்கூடாத கேள்வி.

முனுசாமி அண்ணனின் மனைவி உள்ளேயிருந்து, "சாமி மாசமாச்சே" என்று மட்டும் சொன்னாராம். அண்ணன் எருமைக்கு வைக்கோலை உதறிப் போட்டிருக்கிறார். பிறகு சொன்னாராம், "கழுவுனா போவாத கவிச்சி இன்னா கீது? நம்ம வூட்டுப் பொண்ணு கல்யாணம் நின்னாத்தான் அதக் கழுவ முடியாது. எடுத்துகினு போங்க."

அந்தக் கேன்களை அவர் அப்புறம் பாலுக்குப் பயன்படுத்தவேயில்லை. சங்கத்துக்கு வேறு கேன் வாங்கிக்கொண்டார். அவற்றை எங்களுக்கே விட்டுவிட்டார். ஊரில் எந்தச் சாதிக் கல்யாணம் என்றாலும் குழம்பு எடுத்துப்போக அவைதான் பிறகு பல வருஷம் போய்வந்தன.

சூடான கறியை ஊற்றியவுடன் மூடக்கூடாது என்பார் சித்தப்பா. ஆவி மூடியில் பட்டு, தண்ணீராகி உள்ளே சொட்டினால் ஊசிப்போகும். அதனால்தான் துணி, அதனால்தான் குடை. சூடு ஆறின பிறகே மூடி இறங்கியது. பாதியை ஊர்க்காரர்களுக்கு என்று அண்டாவில் நிறுத்திக்கொண்டார்கள். மீதி கேன்களில் நின்றது.

டிராக்டர் மேல் கல்யாணப் பெண்

மத்தியானத்துக்கு மேல் மழை விட்டது. தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பஸ் வராது, டிராக்டர் போகலாம் என்று ஆள் வந்து சொன்னார். எங்கள் கோயில் பாதிரியார், பங்குச் சாமியார், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஈரக் குடையோடு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் குறைவான மனிதர்.

"அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன மாதா கோயில் இருக்கே, அதுவும் நம்ம பங்குக் கோயில்தான்," என்றார். "மாப்பிள்ள இங்க வர முடியலைன்னா பொண்ணு அங்க போவட்டும். நான் வரேன்."

அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பெண்ணைக் கறியோடு கறியாக ஏற்றிக்கொண்டுபோவதா? சித்தப்பா கேட்டார், "தை மாசம் வரைக்கும் இந்தக் கறி தாங்காது. நீ தாங்குவியா?"

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

முனுசாமி அண்ணன் டிராக்டர் ஓட்டினார். பின்னால் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, கேன்கள், அரிசி மூட்டை, கட்டு வாழை இலை. அப்பா, பூசைச் சாமான் பையை மார்போடு அணைத்தபடி சாமியார், ஏட்டையும் முந்திரி விழுதையும் நிரப்பிய பித்தளைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா, நான். பழைய நூல் புடவைதான் கட்டியிருந்தேன். கல்யாணப் புடவை மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி அவர்களிடம், பஸ்ஸில் இருந்தது.

தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நட்டிருந்த கல்தான் அடையாளம். நடுவில் காவித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அந்தக் கரையில் வெள்ளை வேட்டிகளும் கலர்ப் புடவைகளுமாக ஒரு கூட்டம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"யாரும் எழுந்துக்காதீங்க. நான் மெதுவாத்தான் போவேன்," என்றார் முனுசாமி அண்ணன்.

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். அப்போது இடதுபக்கச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. டிரெய்லர் சாய்ந்தது. ஒரு கேன் சரிய, நான் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தேன். பிடித்தேனே தவிர, கேனும் நானுமாகச் சேர்ந்து விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர் முகத்துக்குக் கிட்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. சேற்று வாசனையும் ஞாபகம் இருக்கிறது. பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைப் பிடித்து இழுத்தன.

சித்தப்பாவின் கைகள். இரண்டு கையும்.

நிமிர்ந்து பார்த்தபோது பித்தளைத் தூக்கு தண்ணீரில் ஒரு தடவை புரண்டது. வெள்ளையாக ஒரு கோடு விரிந்து, காவித் தண்ணீரில் கலந்து, போய்விட்டது. ஒரு வாரத்து ஏடு. எவ்வளவோ முந்திரி.

டிராக்டர் உறுமி மேலே ஏறியது. சித்தப்பா என்னைப் பார்த்து, "அடி பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பி மற்ற கேன்களைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், சேவியர், பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்து நின்றிருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். எத்தனையோ தடவை நீந்தி இந்தப் பக்கம் வரப் பார்த்தவரை அவர் அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாராம். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் கேனைக் கொடுத்தேன். தாலி கட்டும் முன்பு என் கையால் அவர் வாங்கிக்கொண்டது அதுதான்.

தேங்காய்

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்த அடுப்பைப் பற்றவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காலையிலிருந்து பட்டினி. அவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்ட இரண்டு லாரிக்காரர்கள், சந்தைக்குப் போன ஒரு குடும்பம், எல்லாரும் வராந்தாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தப்பா ஒரு கேனின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கறி கெடவில்லை. ஆனாலும் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏடு இல்ல. விழுது இல்ல. இத எப்படி சர்வ் பண்ணுவேன்? இது கறியே இல்ல, வெறும் கொழம்பு. காரம் தூக்கும்."

வெள்ளைப் புடவையோடு ஒருத்தர் அவருக்கு எதிரில் வந்து குந்தினார். லூர்தம்மாள்.

"இன்னா ஊத்துவீங்க அதுல?"

"பாலேடும்மா. கிரீமு."

"தேங்காப்பால் ஊத்தலாமா?"

சித்தப்பா யோசித்தார். "அது வேற டிஷ்ஷு."

"வேற டிஷ்ஷாவே இருக்கட்டும். பசிக்கு டிஷ்ஷு பேரு தெரியாது," என்றார் லூர்தம்மாள். திரும்பி பஸ் பக்கம் குரல் கொடுத்தார். "அந்தத் தாம்பூலத் தேங்கா மூட்டையக் கொண்டாங்கடா."

வந்தவர்களுக்குப் பையில் போட்டுத் தருவதற்காகக் கொண்டுவந்த தேங்காய் முழுக்க உடைந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அருவாமணைகள் வந்தன. சீலைத் துணியில் வைத்து லூர்தம்மாளே பிழிந்தார். முதல் பால் கெட்டியாக, கொழகொழவென்று இறங்கியது. நானும் பக்கத்தில் குந்தித் துருவ ஆரம்பித்தேன்.

"நீ எழுந்திரு. கல்யாணப் பொண்ணு," என்றார்.

"பரவால்ல அத்த."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு பிழிந்துகொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார். "ஆவணியில வூடு ஒழுகிகினு இருந்துச்சு. கூரை மாத்தாம எப்படி மருமகளக் கூட்டியாறது? மானக்கேடா இருந்துச்சு, அதான் சொல்லல. போன வாரந்தான் மாத்தி முடிச்சோம்."

மூன்று மாதப் பயம் அவ்வளவுதான். ஒரு கூரை.

வராமல் நின்றவர்

கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு சின்ன மாதா கோயிலில் போய் நின்றேன். பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் கோயில். மற்றவர்கள் வாசலில், ஈரத் தரையில் நின்றார்கள். சாமியார் தாலியை மந்திரிக்கக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"பையனோட அம்மா எங்க?"

"அடுப்புகிட்ட இருக்காங்க. உங்கள ஆரம்பிக்கச் சொன்னாங்க," என்றாள் சேவியரின் அக்கா. சொல்லும்போது தலை குனிந்துகொண்டாள். சேவியரும் குனிந்துகொண்டார்.

நான் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தவள். வளைகாப்பு நடக்கும் வீட்டில் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைப் புடவைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் வராதே என்று சொல்ல மாட்டார்கள். அவர்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். அதற்கு ஏதாவது ஒரு வேலை எப்போதும் தயாராக இருக்கும். நிச்சயதார்த்தத்தன்று தூணோரம் உட்கார்ந்திருந்தது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. என் அப்பாவும் மனைவியை இழந்தவர்தான். புதுச் சட்டை போட்டு முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவரை ஒதுங்கு என்று யார் மனமும் சொல்லவில்லை, அவர் மனம் உட்பட.

"சாமி, ஒரு நிமிஷம்," என்றேன்.

மாலையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அவர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டியை வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் கூடவே இருந்தார்.

"அத்த, வாங்க."

"நீ எதுக்கு இங்க வந்த? போ. நேரமாவுது. தேங்காப்பால் ஊத்துன கறி, கிண்டிகினே இருக்கணும். விட்டா திரிஞ்சிடும்."

"சித்தப்பா பாத்துக்குவாரு."

"நான் வரக்கூடாதுமா." குரல் இறங்கிவிட்டது. "உனக்கு நல்லது நடக்கணும்னுதான் சொல்றேன்."

"எனக்கு அம்மா இல்ல அத்த. அந்தக் கோயில்ல எனக்குன்னு ஒரு பொம்பள ஆளு இல்ல," என்றேன். அது உண்மை. அதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் யோசித்துக்கொண்டு போகவில்லை.

சித்தப்பா அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். "போங்கம்மா. என் கறிய நான் பாத்துக்கறேன்," என்றார்.

லூர்தம்மாள் எழுந்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். கோயில் வாசல்வரை வந்து தயங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்கத் தேங்காய்ப்பால். பிசுபிசுவென்று இருந்தது. கூட்டம் விலகியது. சாமியார் தாலியை மந்திரித்து, அதை முதலில் அவரிடம் நீட்டி, தொடச் சொன்னார். அப்படி ஒரு சடங்கு எங்கள் முறையில் கிடையாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று அவர் நீட்டினார். லூர்தம்மாள் தொட்டார். சேவியர் கட்டினார்.

பந்தி

தேங்காய்ப்பால் ஊற்றிய கறி வேறு நிறத்தில் இருந்தது. சந்தனம் இல்லை, இளம் மஞ்சள். சித்தப்பா கரண்டியிலிருந்து ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார். இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு, "பரவால்ல. துரைக்கு இது தெரியாமப் போச்சு," என்றார்.

பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்ல நாளுக்கும் இந்தக் கறிதான். ஏட்டுக் கோழியை யாரும் கேட்பதில்லை. ஃபிரிஜ் வந்த காலத்தில்கூட நான் தேங்காய்ப்பாலை ஊற்றாமல்தான் கறியை எடுத்துவைப்பேன். பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் பால். என் மருமகளும் அப்படியே செய்கிறாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

வராந்தாவில் இலை போட்டார்கள். லாரிக்காரர்கள் எழுந்து ஓரமாகப் போனார்கள், கல்யாணக்காரர்கள் சாப்பிடட்டும் என்று.

"எங்க போறீங்க? உக்காருங்க," என்றார் லூர்தம்மாள். "மழையில நின்னவங்க எல்லாரும் இன்னிக்கி ஒரே வூட்டு ஆளுங்கதான்." சந்தைக்குப் போன குடும்பத்தையும் இழுத்து உட்காரவைத்தார். சித்தப்பாவுக்குக் கறி போதுமா என்று கவலை. துண்டு சின்னதாகிக்கொண்டே வந்தது, ஆனாலும் எல்லா இலைக்கும் போனது.

முனுசாமி அண்ணன் டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். விரதக்காரருக்குக் கறிச்சட்டி பட்ட இடத்தில் என்ன கொடுப்பது என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். லூர்தம்மாள் ஏற்கெனவே பக்கத்து வீட்டில் ஒரு புதுப் பானை வாங்கி, அதில் தனியாகச் சோறு வடித்து, மோரும் வாழைப்பழமும் வாங்கிவைத்திருந்தார். என்னிடம்தான் கொடுத்தனுப்பினார்.

"அண்ணே, இது தனிப் பானைல வடிச்சது," என்றேன்.

"தங்கச்சி கையால குடுத்தா எல்லாம் ஒண்ணுதான்," என்று இறங்கிவந்து கை கழுவினார். அவர் அன்று கொடுத்த கேனுக்கும் ஓட்டிய டிராக்டருக்கும் நான் ஒருநாளும் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. இந்தப் பத்தியை அவர் பேரன் அவருக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

எல்லாரும் எழுந்த பிறகு கேனில் அடிக்குழம்பு கொஞ்சம் மிச்சம். இலையும் ஒன்றுதான் மிச்சம். லூர்தம்மாள் அதை இரண்டாகக் கிழித்தார். நுனி இலையை எனக்குப் போட்டார், அடி இலையைத் தனக்கு. காலையிலிருந்து நாங்கள் இருவருமே ஒன்றும் சாப்பிடவில்லை. கேனுக்குள் கையைவிட்டு வழித்து, என் சோற்றில் பாதிக்கு மேல் ஊற்றினார். அடியில் ஒளிந்திருந்த ஒரே ஒரு ஈரல் துண்டையும் என் இலையிலேயே வைத்தார்.

நான் அதைப் பிய்த்துப் பாதியை அவர் இலைக்குத் தள்ளினேன். அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே சேவியர் பஸ்ஸின் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று டிரைவர் சத்தம் கொடுத்தார். நான் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன்.

"மெதுவாச் சாப்டு," என்றார் அத்தை. "அவன் நிக்கட்டும். நம்ம வூட்டுக்குத்தான போறோம்."